யூட்டாவில் மார்மன்கள் நடுவே குடிபோகலாமா என்று கேட்ட தம்பிக்கு

யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊரில் வேலை கிடைத்து, ஜூலையில் மனைவியோடும் 9 வயது மகளோடும் கிளம்பப் போகிற ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: மார்மன்கள் கிறிஸ்தவர்கள்தானா, வீடு தேடி வந்து மதம் மாற்றுவார்களா, ஆண்கள் இன்னும் பல பெண்களைக் கட்டுகிறார்களா, எல்லாரும் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவார்களா, மகள் பள்ளிக்கூடத்தில் தனியாகிப் போவாளா. ஐந்து கேள்விகள். இரண்டு தடவை படித்த பிறகு எனக்கு அதில் ஒரே கேள்விதான் கேட்டது: அந்த ஜனங்கள் நம்மோடு பழகுவது மெய்யான பழக்கமா, அல்லது நம்மைச் சேர்த்துக்கொள்வதற்காகவா? நாம் சேரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பழக்கம் என்ன ஆகும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மற்றவை போகிற போக்கில் வந்துவிடும்.

நான் நாகர்கோவில் பக்கம். சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். நர்ஸ் வேலைக்குப் படித்து, கல்யாணமாகி, 16 வருஷமாக யூட்டா கவுண்டியில் இருக்கிறேன். கடைசி 11 வருஷம் ஹாஸ்பிஸ் நர்ஸாக வேலை. இனிமேல் வைத்தியம் வேண்டாம், வலியில்லாமல் வீட்டிலேயே போய்ச் சேர வேண்டும் என்று முடிவெடுத்தவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அந்த வேலை. அதனால் நான் மார்மன்களை முன்னறையில் மட்டும் பார்த்தவள் இல்லை. அடுக்களை, நிலவறை, படுக்கையறை எல்லாம் பார்த்திருக்கிறேன். சாகிற நேரத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். அதே சமயம், நான் அந்தச் சபையில் சேர்ந்தவள் இல்லை. அவர்களுடைய கோயிலுக்குள் (ஞாயிறு ஆராதனை நடக்கும் கட்டடம் வேறு, கல்யாணம் போன்ற சடங்குகளுக்கான கோயில் வேறு) கால் வைத்ததில்லை. நான் அறிந்தது புரோவோ, ஓரம், லீஹை, சால்ட் லேக் என்று மலையடிவாரத்தை ஒட்டிய இந்த ஒரு பட்டை நிலம்தான். வேறு நாட்டு மார்மன்களைப் பற்றி என் பேச்சை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கீழே சொல்லும் வீட்டுக் கதைகளில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் பெயர். 'மார்மன்' என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் 2018இல் அவர்களுடைய தலைவராக இருந்த ரஸ்ஸல் நெல்சன், அந்தப் பெயரை விட்டுவிட்டுச் சபையின் முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தமிழில் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை'. பெயரிலேயே கிறிஸ்து இருக்கிறார். அப்படியானால் கிறிஸ்தவர்களா? எங்கள் ஊர்ப் போதகரிடம் கேட்டால் இல்லை என்பார். கத்தோலிக்கத் திருச்சபையும் அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001இல் அறிவித்துவிட்டது. காரணம் இருக்கிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்று நாங்கள் அறிக்கை செய்வதை அவர்கள் ஏற்பதில்லை. மூவரும் தனித்தனி என்பார்கள். பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான சரீரம் உண்டு என்பார்கள். பைபிளோடு மார்மன் புஸ்தகமும் அவர்களுக்கு வேதம். ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் வெளியிட்டது அது. இவையெல்லாம் சின்ன வித்தியாசங்கள் இல்லை. ஆனால் உயிர் போகும் நேரத்தில் இயேசுவே என்று அவர்கள் கூப்பிடுவதை எத்தனையோ இரவுகள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டிலருகே நின்றுகொண்டு 'இவர் கிறிஸ்தவர் இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. உபதேசம் வேறு, பக்தி வேறு என்று பிரித்துவைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.

அவர்களைப் புரிந்துகொள்ள வேதப் புத்தகத்தைவிட முதலில் தெரிய வேண்டியது 'வார்டு'. நாம் நகராட்சி வார்டு என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். வரைபடத்தில் கோடு போட்டு, இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை ஒரு சபை என்று வைத்திருப்பார்கள். பிரசங்கம் பிடித்த சபைக்குப் போகிறேன், பாட்டு நன்றாக இருக்கும் சபைக்குப் போகிறேன் என்பதெல்லாம் அங்கே கிடையாது. எந்த வீட்டில் குடியிருக்கிறாயோ அந்த வார்டு. ஆகவே பணக்காரர், கடன்காரர், பிடித்தவர், பிடிக்காதவர் எல்லாரும் ஒரே பெஞ்சில். பிஷப் என்பவர் சம்பளம் வாங்கும் போதகர் இல்லை. பகலில் பல் டாக்டராகவோ பிளம்பராகவோ இருப்பார். சுமார் ஐந்து வருஷம் அந்தப் பொறுப்பைச் செய்துவிட்டு இறங்கி, மறுவாரம் குழந்தைகள் வகுப்பில் நாற்காலி அடுக்குவார். யாரும் மனுப் போட்டு நிற்பதில்லை. மேலிருந்து அழைப்பு வரும், சபையார் கையுயர்த்தி ஆமோதிப்பார்கள். எங்கள் சி.எஸ்.ஐ. பேராயத் தேர்தலில் கோர்ட் வரை போன சண்டைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது முதலில் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பிறகு இதன் மறுபக்கமும் தெரிந்தது. தேர்தல் இல்லாத இடத்தில் மேலே இருப்பவரைக் கேள்வி கேட்கும் வழியும் குறைவு. பெண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சடங்கு செய்யவும் சபையை நடத்தவும் உள்ள அதிகாரம், கிடையாது. 1842இல் தொடங்கிய ரிலீஃப் சொசைட்டி என்ற மாதர் சங்கம் அவர்களுடையது. ஒவ்வொரு வார்டும் உண்மையில் அதன் தோளில்தான் நிற்கிறது. ஆனால் கடைசிக் கையெழுத்து ஆணுடையது.

இந்த வார்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. அதோடு சில வீடுகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் பிரித்துக் கொடுக்கப்படும். இன்ன குடும்பத்துக்கு இன்ன இரண்டு பேர் என்று. 2018 முதல் அதற்கு 'மினிஸ்டரிங்' என்று பெயர். அதற்கு முன்பு மாதம் ஒருமுறை கட்டாயமாகப் போய்ப் பார்த்துக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கேதான் உங்கள் கேள்வி வந்து நிற்கிறது.

நாங்கள் வந்த இரண்டாவது குளிர்காலத்தில் என் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆயிற்று. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஏழு நாள் இரவுச் சாப்பாடு வாசலுக்கு வந்தது, ஒவ்வொரு நாளும் வேறு வீட்டிலிருந்து. உருளைக்கிழங்குத் துருவலும் சீஸும் போட்டு அடுப்பில் வேகவைத்த பதார்த்தம் ஒன்று உண்டு. இழவு வீட்டுக்குக் கொண்டுபோவதால் அதற்கு 'ஃபியூனரல் பொட்டேட்டோஸ்' என்றே பெயர். அது மட்டும் மூன்று தடவை வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் நடைபாதையில் பனி அள்ளியிருக்கும், யார் அள்ளினார்கள் என்று தெரியாது. எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு அம்மாவிடம் பழக்கமான பிறகு நேராகவே கேட்டேன்: "நீங்கள் என் வீட்டுக்கு வந்தது உங்களுக்கு ஒதுக்கினதாலா?" அவர் மழுப்பவில்லை. "ஆமாம். ஒதுக்கியிருக்காவிட்டால் உன் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வந்திருக்காது" என்றார்.

அந்தப் பதிலை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். கடமையாகச் செய்கிற அன்பு பொய்யான அன்பு என்று நாம் நினைக்கிறோம். என் வேலையில் நானும் ஒதுக்கப்பட்ட வீடுகளுக்குத்தான் போகிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டுதான் அவர்களுடைய உடம்பைத் துடைக்கிறேன். அதனால் என் கண்ணில் வருகிற தண்ணீர் பொய்யாகிவிடுமா? ஒதுக்கீடு கதவு வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது இரண்டு மனிதர்களைப் பொறுத்தது. சிலர் அந்த ஒரு முறையோடு நின்றுவிட்டார்கள். அந்த அம்மா 14 வருஷமாக என் சிநேகிதி. நான் ஞானஸ்நானம் எடுக்கப்போவதில்லை என்று அவருக்கு முதல் வருஷமே தெரியும்.

அந்த அம்மாவிடம்தான் நான் முதல்முறை ஒரு தப்பும் செய்தேன். நம் வழக்கப்படி வந்தவரை உட்காரவைத்து ஃபில்டர் காபி கலந்து நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, முகம் சிவந்து, குடிக்காமலே வைத்திருந்தார். 1833இல் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாக அவர்கள் நம்பும் வெளிப்பாட்டின்படி மது, புகையிலை, காபி, தேயிலை நான்கும் கூடாது. குளிர்பானம் கூடும். காபிக் கடைக்குப் பதிலாக, கோலாவில் தேங்காய்ச் சாறும் க்ரீமும் கலந்து விற்கும் சோடாக் கடைகள் இங்கே மூலைக்கு மூலை இருப்பது அதனால்தான். உங்கள் வீட்டில் நீங்கள் காபி குடிப்பதை யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு எலுமிச்சை ஜூஸோ பாலோ கொடுங்கள், போதும்.

அன்றாடம் என்று பார்த்தால் ஞாயிறு ஆராதனை இரண்டு மணி நேரம். 2019 வரை மூன்று. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் இருந்து, மிச்சப்பட்ட சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். திங்கள் இரவு குடும்பத்துக்கு. வருமானத்தில் பத்தில் ஒன்று தசமபாகம். அதில் விலக்கு இல்லை. கொடுக்காதவருக்குக் கோயிலுக்குள் போக அனுமதிச் சீட்டு கிடைக்காது. நிலவறையில் கோதுமை, பீன்ஸ், பால்பவுடர் டின் டின்னாக அடுக்கியிருப்பார்கள், கஷ்ட காலத்துக்கென்று. வேலை போன குடும்பத்துக்கு பிஷப் சீட்டு எழுதிக் கொடுத்தால் சபையின் பண்டகசாலையிலிருந்து மளிகை வரும். 1936இல் பொருளாதார மந்தத்தின்போது உண்டான ஏற்பாடு இது. அந்த மளிகையில் பசியாறிய வீடுகளை எனக்குத் தெரியும். சபையின் முதலீட்டு நிறுவனம் தன் பங்குச் சொத்தை மறைக்கும் விதமாகக் கணக்குத் தாக்கல் செய்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்து, நிறுவனமும் சபையும் சேர்த்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்டியதும் தெரியும். இரண்டும் உண்மை. தசமபாகம் கொடுத்தே வயதான என் நோயாளிகளில் சிலருக்கு அந்தச் செய்தி உள்ளே உறுத்தியது. பலர் அது தங்கள் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

அவர்களுடைய விசுவாசத்தில் என்னை அதிகம் அசைத்தது ஒரு வினைச்சொல். நாங்கள் 'விசுவாசிக்கிறேன்' என்போம். அவர்கள் சாட்சி சொல்லும்போது 'எனக்குத் தெரியும்' என்பார்கள். சபை உண்மை என்று எனக்குத் தெரியும், என் குடும்பம் நித்தியத்துக்கும் என்னுடையது என்று எனக்குத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளை மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் சொல்லும். சாவை நெருங்கும்போது அந்தச் சொல் பலருக்குக் கைத்தடியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பயமில்லாமல், ரயிலுக்கு நேரமாகிவிட்டது போலப் போகிறவர்கள் உண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, "எனக்குத் தெரியும் என்று 60 வருஷம் சொன்னேன், எனக்குத் தெரியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒரு பெரியவரும் உண்டு. அந்த வார்த்தையைத் தன் வீட்டாரிடம் சொல்ல முடியாமல் வெளியாளான என்னிடம் சொன்னார். சந்தேகத்துக்கு அங்கே உட்கார நாற்காலி குறைவு. வெளியாளாக இருப்பதில் இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

இறந்தவர்கள்மேல் அவர்களுக்கு இருக்கும் பிடிப்பு நமக்குச் சுலபமாகப் புரியும். முன்னோர் பெயர்களைத் தேடித் தேடி எடுத்து, அவர்களுக்காகக் கோயிலில் வேறொருவர் ஞானஸ்நானம் எடுப்பார். ஒரு பாட்டியின் சாப்பாட்டு மேசை முழுக்க டென்மார்க் கிராமத்துப் பெயர்கள் பரவிக் கிடந்ததைப் பார்த்ததும், அமாவாசைக்கு மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடும் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா ஞாபகம் வந்தது. முறை வேறுதான். மறந்துவிடக் கூடாது என்ற தவிப்பு ஒன்றுதான். கோயில் சடங்குகளை முடித்தவர் இறந்தால் வெள்ளைக் கோயில் உடை உடுத்தி அடக்கம் செய்வார்கள். அந்த நேரம் நான் அறையை விட்டு வெளியே வந்துவிடுவேன். ரிலீஃப் சொசைட்டிப் பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பாடுவது கேட்கும்.

இப்போது அன்பின் எல்லைக்கு வருகிறேன். இதை மறைத்து உங்களுக்கு எழுதினால் நான் நேர்மையாக இருந்தவள் ஆக மாட்டேன். எல்லை உங்களிடத்தில் இல்லை. வெளியாளை அவர்கள் நன்றாகத்தான் நடத்துவார்கள். அதிக விலை கொடுப்பவர்கள் அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளில் சபையை விட்டுப் போனவர்கள். கோயில் கல்யாணத்தால் குடும்பம் நித்தியத்துக்கும் கட்டப்பட்டது என்று நம்பும் ஒரு தாய்க்கு, மகன் விலகுவது வெறும் கருத்து வேறுபாடு இல்லை. பரலோகத்தில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது என்ற துக்கம். அந்தத் துக்கம் சில வீடுகளில் அழுகையாக வரும், சில வீடுகளில் மௌனமாக. கோயிலில் நடக்கும் கல்யாணத்துக்கு அனுமதிச் சீட்டு இல்லாதவர் உள்ளே போக முடியாது, பெற்றவராக இருந்தாலும். மகளின் கல்யாணத்தன்று கோயில் தோட்டத்துப் பெஞ்சில் காத்திருந்த ஒரு தகப்பனார், 30 வருஷம் கழித்துப் படுக்கையிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அமெரிக்காவில் எல்லாரும் பார்க்க வெளியே கல்யாணம் செய்தால், கோயில் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2019இல் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். அவருக்கு அது மிகவும் பிந்திவிட்டது.

ஓரினச் சேர்க்கையாளர் விஷயத்தில் வலி இன்னும் கூர்மை. 2015 நவம்பரில், ஒரே பாலினத் தம்பதியரின் பிள்ளைகளுக்குச் சிறுவயதில் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்று விதி வந்தது. 2019 ஏப்ரலில் அதே விதி விலக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்றரை வருஷத்தில் உடைந்த குடும்பங்களை நான் நேரில் அறிவேன். யூட்டாவில் தற்கொலை விகிதம் அமெரிக்கச் சராசரியைவிட அதிகம் என்பது உறுதியான செய்தி. அதற்கு மதம்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள், அது உறுதியில்லை. மார்மன்கள் குறைவாக உள்ள பக்கத்து மலை மாநிலங்களிலும் அந்த விகிதம் அதிகம்தான். துப்பாக்கி, தனிமை, உயரமான நிலப்பரப்பு என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் விஷயத்தில் வீட்டார் சொன்ன சொல்லும் சொல்லாமல் விட்ட சொல்லும் எவ்வளவு கனமாக விழும் என்பதற்கு எனக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை.

பலதார மணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1852இல் வெளிப்படையாக அறிவித்து நடத்தினார்கள். 1890இல் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் நிறுத்துவதாக அறிவித்தார்; அதற்குப் பின்னும் மறைவாக நடந்தது; 1904இல் இரண்டாவது அறிவிப்பு வந்து கண்டிப்பாயிற்று. இன்று இந்தச் சபையில் இரண்டாவது மனைவி கட்டினால் வெளியே போட்டுவிடுவார்கள். செய்திகளில் நீங்கள் பார்ப்பது பிரிந்து போன சிறு குழுக்களை. ஆனால் ஒன்று மிச்சமிருக்கிறது. மனைவி இறந்த ஆண், இரண்டாவது மனைவியோடும் நித்தியத்துக்கும் கட்டப்படலாம். இரண்டாம் தாரமாக வந்து 40 வருஷம் வாழ்ந்த ஒரு பாட்டி, "அங்கே போனதும் அவள் இருப்பாளே, நான் எங்கே நிற்பேன்?" என்று கேட்டார். சட்டத்தில் முடிந்துபோனது அந்தக் கட்டிலில் முடியவில்லை.

அரசியலுக்கு வருவோம். எல்லாரும் குடியரசுக் கட்சியா? இன்றைக்குப் பெரும்பான்மை ஆமாம். 1964க்குப் பிறகு ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சி யூட்டாவில் ஜெயித்ததில்லை. ஆனால் இது வேதத்தில் எழுதியிருப்பதால் வந்ததில்லை. பழைய கதை தெரிந்தால் இது புரியும். 1838இல் மிசோரி ஆளுநர், மார்மன்களை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும் என்று உத்தரவே போட்டார். அந்த உத்தரவு ரத்தானது 1976இல்தான். 1844இல் இல்லினாய்ஸ் சிறையில் ஒரு கும்பல் ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங் தலைமையில் அமெரிக்காவின் எல்லையையே தாண்டி, அப்போது மெக்சிகோவுக்குச் சொந்தமாயிருந்த இந்தப் பள்ளத்தாக்குக்கு 1847 ஜூலை 24இல் வந்து சேர்ந்தார்கள். 1856இல் தள்ளுவண்டியில் சாமான்களை இழுத்துக்கொண்டு கால்நடையாக வந்த இரண்டு கூட்டங்கள் வயோமிங் பனியில் மாட்டி, 200 பேருக்கு மேல் செத்தார்கள். அரசாங்கத்தால் விரட்டப்பட்டவர்கள் என்ற ஞாபகம் அவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. அந்த ஞாபகம் இரண்டு பக்கமும் இழுக்கும். மத்திய அரசாங்கத்தின்மேல் சந்தேகம் ஒரு பக்கம். மறுபக்கம், 2015இல் சிரியா அகதிகள் வேண்டாம் என்று குடியரசுக் கட்சி ஆளுநர்கள் வரிசையாக அறிவித்தபோது, யூட்டா ஆளுநர் கேரி ஹெர்பெர்ட் அந்த வரிசையில் நிற்கவில்லை.

மாநில அந்தஸ்து வேண்டுமானால் சபைக் கட்சி இருக்கக் கூடாது என்று 1891இல் தங்கள் சொந்தக் கட்சியைக் கலைத்து, இரண்டு தேசியக் கட்சிகளிலும் சேரச் சொன்னார்கள். நடுப்பாதையில் நின்று 'இந்தப் பக்கத்துப் பெஞ்செல்லாம் அந்தக் கட்சி, அந்தப் பக்கம் இந்தக் கட்சி' என்று பிஷப் பிரித்ததாகக் குடும்பக் கதைகள் உண்டு. செவிவழிக் கதைதான், இங்குள்ள பெரியவர்கள் ரசித்துச் சொல்வார்கள். தலைவர் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. சபைத் தலைவர் ஹீபர் கிராண்ட் மதுவிலக்கு நீடிக்க வேண்டும் என்று மன்றாடினார். 1933 டிசம்பரில் அதை ரத்துசெய்யத் தேவையான 36ஆவது ஓட்டைப் போட்டு முடித்துவைத்த மாநிலம் யூட்டாதான். ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை கிராண்டுக்குப் பிடிக்காது. யூட்டா நான்கு தடவையும் ரூஸ்வெல்ட்டுக்கே ஓட்டுப் போட்டது. வலப்பக்கச் சாய்வு பின்னால் வந்தது. குடியரசுக் கட்சி ஜனாதிபதி ஐசனோவர் அரசில் விவசாய அமைச்சராயிருந்து பின்பு சபைத் தலைவரான எஸ்ரா டாஃப்ட் பென்சன் போன்றவர்களின் கம்யூனிச எதிர்ப்பும், 1970களில் பெண்களின் சம உரிமைத் திருத்தத்தைச் சபை எதிர்த்ததும், கருக்கலைப்பு, குடும்பம் பற்றிய சண்டைகளும் சேர்ந்து கொண்டுபோய் விட்டன. பெண்கள் 1870லேயே ஓட்டுப் போட்ட மண் இது. மத்திய அரசு 1887இல் அந்த உரிமையைப் பறித்தது; 1896இல் மாநிலமானபோது திரும்பக் கிடைத்தது. அதே வருஷம் மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற பெண் டாக்டர், போட்டியிட்டவர்களில் ஒருவரான தன் கணவரையும் தோற்கடித்து, அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டரானார். அவர் ஜனநாயகக் கட்சி.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்க வம்சத்து ஆண்களுக்கு 1978 ஜூன் வரை ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டது. நம்மவர்களுக்கு அந்தத் தடை இருந்ததில்லை. அதற்குச் சொல்லிவந்த பழைய விளக்கங்களைச் சபையே 2013இல் கைவிட்டது. ஆனால் அந்த விளக்கங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. படுக்கையிலிருந்து என் கையைப் பார்த்துவிட்டு வேறு நர்ஸ் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மருமகள் வாசல் வரை வந்து அழுதார்.

ஆராதனையில் அரசியல் பேச மாட்டார்கள். தேர்தல் வருஷங்களில் சபை எந்தக் கட்சிக்கும் ஆதரவில்லை என்ற கடிதம் வாசிப்பார்கள். பரம்பரைப் பழக்கத்தால் ஒரே கட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு குத்துவது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று 2023இல் தலைவர்களே எழுதினார்கள். மேடையில் அமைதி, சாப்பாட்டு மேசையில் கொதிப்பு, இதுதான் நிலைமை. 2016இல் டிரம்ப் இங்கே ஜெயித்தாலும் பாதி ஓட்டுக்கூட வாங்கவில்லை. அவருடைய வாயும் வாழ்க்கையும் பலருக்கு உறுத்தியது. 2020இல் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில் தன் கட்சி ஜனாதிபதியையே குற்றவாளி என்று ஓட்டளித்த, அப்போது யூட்டா செனட்டராயிருந்த மிட் ராம்னி, ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவராயிருந்த ஹாரி ரீட், இருவருமே இந்தச் சபைக்காரர்கள். ராம்னியால் அண்ணன் தம்பி பேச்சு நின்ற வீடு ஒன்றில் நான் வேலை பார்த்தேன். தகப்பனார் கட்டிலில், இரண்டு மகன்களும் இரண்டு பக்கமும், நான் வந்து போகும்போது மட்டும் பொதுவாகப் பேசுவார்கள். சட்டமன்றத்தில் பெரும்பாலோர் சபையார் என்பதால் மது விற்பனை முதல் பல சட்டங்களில் அந்த வாசனை இருக்கும். ரத்தத்தில் மது அளவு 0.05 இருந்தாலே குற்றம் என்று முதலில் ஆக்கிய மாநிலம் இது. கார் ஓட்டுவதானால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மகள். இங்கே எட்டு வயதில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். உங்கள் மகள் வகுப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகள் போன வருஷம்தான் வெள்ளை உடை உடுத்தித் தண்ணீரில் இறங்கியிருப்பார்கள். அதைப் பற்றிப் பேசுவார்கள், அவளையும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விளையாட வர மாட்டார்கள். அதை ஒதுக்குதல் என்று அவள் எடுத்துக்கொள்ளாதபடி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உயர்நிலைப் பள்ளியில் இன்னொன்று வரும். பள்ளிக்குப் பக்கத்திலேயே 'செமினரி' என்ற சபைக் கட்டடம் இருக்கும். ஒரு பீரியட் முழுக்க மார்மன் பிள்ளைகள் அங்கே போய் வேதபாடம் படித்துவிட்டு வருவார்கள். என் மகள் அந்த நேரம் நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. ஆனால் வார்டுப் பிள்ளைகள் வாரநாளில் கூடும்போது எடுத்த படங்களை மறுநாள் காட்டுவார்கள். அழைக்கக் கூடாது என்று இல்லை, அழைக்கத் தோன்றவில்லை. 13 வயதில் அவள் ஒரு ராத்திரி அழுதாள். மறுநாள் நான் போய்ப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவர் திடுக்கிட்டுப் போனார். அதற்குப் பிறகு அழைப்பு நிற்கவே இல்லை. சில சமயம் நாங்கள்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்களாகப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருக்காதீர்கள், கேளுங்கள்.

மிஷனரிகள் வருவார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, கறுப்புப் பெயர்ப் பட்டயம், 19, 20 வயது. ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு 18 மாதம், வீட்டாரை விட்டு வந்து, பெரும்பாலும் வீட்டார் காசிலேயே செய்யும் ஊழியம். தண்ணீர் கொடுங்கள், வெயில் காலம். "எங்களுக்கு எங்கள் நம்பிக்கை இருக்கிறது, பாடம் வேண்டாம், சிநேகிதராக வாருங்கள்" என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். 'பார்க்கலாம்' என்று நம் மரியாதைக்குச் சொன்னால் அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரமும் வருவார்கள். தெளிவாகச் சொன்ன பிறகும் வற்புறுத்தியவர் எனக்கு 16 வருஷத்தில் இரண்டே பேர். உங்கள் சாமியை நீங்கள் கும்பிடவும் இடம் இருக்கிறது. சவுத் ஜோர்டானில் கணேசர் கோயில் லீஹையிலிருந்து பக்கம்தான். ஸ்பானிஷ் ஃபோர்க்கில் இருக்கும் கிருஷ்ணர் கோயிலின் ஹோலிக்கு மார்மன் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்து கலர்ப் பொடியில் குளிப்பார்கள்.

நீங்கள் ஜூலையில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். 24ஆம் தேதிக்கு முன்னால் வந்து சேர முடியுமானால் சேருங்கள். அவர்களுடைய முன்னோர் வந்திறங்கிய நாள் என்று மாநிலம் முழுக்க விடுமுறை. சாயங்காலம் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாணவேடிக்கை விடுவார்கள். நீங்களும் மூன்று நாற்காலி வெளியே எடுத்துப் போடுங்கள். சாமான் பெட்டியெல்லாம் பிரிக்காமல் கிடக்கட்டும். முறுக்கோ தட்டையோ கொண்டுவந்திருந்தால் ஒரு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், காரம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வந்து பேசுகிறவர்களின் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பனி அள்ளியது யார் என்று தேடும்போது தேவைப்படும்.